பழைய எஸ்.யூ.வி.க்கு டைமிங் பெல்ட் மாற்றுவதா, வண்டியையே மாற்றுவதா?

கேள்வி: என்னிடம் 13 வருடப் பழைய டீசல் எஸ்.யூ.வி. இருக்கிறது. புதிதாக வாங்கியது, நான்தான் முதல் உரிமையாளர். 1,62,000 கி.மீ. ஓடியிருக்கிறது. 1,50,000 கி.மீ.யில் டைமிங் பெல்ட் மாற்ற வேண்டும் என்று கையேட்டில் போட்டிருக்கிறது, இதுவரை மாற்றவில்லை. பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் சேர்த்து மாற்ற மெக்கானிக் சொல்லும் தொகை, எங்கள் வீட்டு மாதச் செலவில் பாதி. வண்டியை இன்று விற்றால் கிடைப்பதில் பத்தில் ஒரு பங்கு. பெல்ட் மட்டும் போதும் என்றால் அதில் 60 சதவீதத்தில் முடித்துத் தருகிறேன் என்கிறார். அறுந்துபோய், வால்வுகள் இருக்கும் என்ஜினின் மேல்பகுதியில் (ஹெட்) வேலை வந்தால் ஐந்து மடங்கு ஆகுமாம். 'பழைய வண்டியில் காசைக் கொட்டாதே, ஓடுகிற வரைக்கும் ஓட்டிவிட்டுத் தள்ளிவிடு' என்கிறார் மச்சான். எட்டு மாதத்தில் போனஸ் வரும், அப்போது மாற்றலாமா? அல்லது இப்போதே விற்றுவிட்டு, ஐந்து வருடக் கடனில் வேறு வண்டி எடுக்கலாமா? அதற்கான மாதத் தவணை, இந்த பெல்ட் பில்லில் மூன்றில் ஒரு பங்கு வரும். மாதம் சுமார் 1,200 கி.மீ. ஓட்டுகிறோம். நான்கு மாதச் செலவுக்கான அவசர கால நிதி கையில் உண்டு. அடுத்த மாதம் குடும்பத்தோடு ஒரு நீண்ட பயணம் வேறு இருக்கிறது.

பதில்: மாற்றுங்கள். பயணத்துக்கு முன்பே, அவசர கால நிதியிலிருந்து எடுத்து, வாட்டர் பம்ப்போடு சேர்த்து மாற்றுங்கள். ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அதற்கு முன், அந்த பெல்ட் என்ன வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். அது புரிந்தால்தான் பணக் கணக்கும் புரியும்.

பிஸ்டன்களை ஏற்றி இறக்கும் கிராங்க் ஷாஃப்டையும், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டையும் ஒரே தாளத்தில் கட்டி வைத்திருப்பது இந்த பெல்ட்தான். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. இந்தத் தாளம் ஒரு பல் தவறினாலே என்ஜின் தடுமாறும். உங்கள் வண்டியின் சராசரி வேகத்தை மணிக்கு 40 கி.மீ., கிராங்க் சுற்றை நிமிடத்துக்கு 1,800 என்று வைத்தால், 1,62,000 கி.மீ.க்கு ஏறக்குறைய 4,050 மணி நேரம், 43 கோடிக்கும் மேற்பட்ட சுற்றுகள். அத்தனையையும் தாங்கியிருப்பது, உள்ளே கண்ணாடி இழை ஓடும் ஒரு ரப்பர் பட்டை. அதற்கு 13 வயதும் ஆகிவிட்டது. ரப்பர் கிலோமீட்டரால் மட்டும் கெடுவதில்லை. சூட்டிலும் வருடத்திலும் இறுகி வெடிக்கும். எங்காவது எண்ணெயை அடைத்து நிறுத்தும் ஆயில் சீல் கசிந்து எண்ணெய் பட்டுவிட்டால் ஊறி, இன்னும் சீக்கிரம் போகும். அதனால்தான் பல கையேடுகளில் கி.மீ.யோடு வருடக் கணக்கும் போட்டிருப்பார்கள், எது முதலில் வருகிறதோ அது என்று.

பெல்ட் அறுந்தால் எல்லா என்ஜினுக்கும் ஒரே கதி இல்லை. டொயோட்டா 4ரன்னரில் வந்த பழைய 3.4 லிட்டர் வி6 போன்ற சிலவற்றில் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே இடம் இருக்கும். பெல்ட் போனால் வண்டி நின்றுவிடும், வேறு பெல்ட் போட்டுக் கிளப்பலாம். ஹோண்டா பைலட்டின் வி6 அப்படி இல்லை. அங்கே திறந்து நிற்கும் வால்வை பிஸ்டன் வந்து இடிக்கும். டீசல் என்ஜினில் அழுத்தம் அதிகம், பிஸ்டன் மேலே வரும்போது மிஞ்சுகிற இடம் மிகக் குறைவு. ஆகவே டீசலில் பெல்ட் அறுந்தால் வால்வு வளையும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். சில சமயம் பிஸ்டனும் அடிபடும். உங்கள் மெக்கானிக் சொன்ன 'ஐந்து மடங்கு' மிரட்டல் இல்லை.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று. உங்கள் வண்டியில் இருப்பது பெல்ட்டா, செயினா என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். ஹோண்டா சி.ஆர்.-வி.யின் முதல் தலைமுறை பெட்ரோல் என்ஜினில் பெல்ட், அடுத்ததில் செயின்.

இனி உங்கள் கணக்கு. பெல்ட் பில்லை 100 என்று வைப்போம். எட்டு மாதம் தள்ளிப்போட்டால் உங்களுக்கு 100 மிச்சமாவதில்லை. எப்படியும் கொடுக்கப்போகிறீர்கள், எட்டு மாதம் கழித்துக் கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான். மிச்சமாவது அந்த எட்டு மாத வட்டி மட்டும். வருடத்துக்கு 7 சதவீதம் என்று தாராளமாகப் போட்டாலும் 5-ஐத் தொடாது. இதற்கு எதிரே, நடுவில் அறுந்தால் பில் 500. அதாவது கூடுதலாக 400. ஐந்து கிடைப்பதற்காக நானூறைப் பணயம் வைக்கிறீர்கள். எட்டு மாதத்தில், இன்னும் 9,600 கி.மீ. ஓட்டுவதற்குள், இந்த பெல்ட் அறுவதற்கான வாய்ப்பு நூற்றில் ஒன்றைச் சுற்றி, அல்லது அதற்கும் கீழே இருந்தால்தான் இந்தத் தள்ளிப்போடல் கட்டுபடியாகும். 13 வயதான, கெடு தாண்டிய ரப்பருக்கு அப்படி ஓர் உத்தரவாதத்தை நான் தரமாட்டேன், எந்த மெக்கானிக்கும் தரமாட்டார். ஓடும்போது என்ஜின் அணைந்தால் பவர் ஸ்டியரிங் கனத்துவிடும், பிரேக் மிதியும் கொஞ்ச நேரத்தில் இறுகிவிடும். அதை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. குழந்தைகள் பின் சீட்டில் இருக்கும்போது அதற்கு விலை போட எனக்கு மனம் வரவில்லை.

இன்ஷூரன்ஸ் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்துவிடாதீர்கள். வழக்கமான வாகன பாலிசி விபத்துக்குத்தான். தேய்ந்து அறுந்ததற்கும், அதனால் என்ஜின் கெட்டதற்கும் பொதுவாகப் பணம் வராது. கெடு தாண்டி ஓட்டியிருந்தால் பேசவே வேண்டாம்.

உங்கள் மச்சான் நல்லெண்ணத்தில் சொல்கிறார், சந்தேகமில்லை. ஆனால் அவர் பில்லை வண்டியின் விற்பனை விலையோடு ஒப்பிடுகிறார். நீங்கள் ஒப்பிட வேண்டியது, இந்த வண்டி இல்லாவிட்டால் அடுத்த ஐந்து வருடம் எதற்கு எவ்வளவு கொடுப்பீர்கள் என்பதோடு. நீங்களே எழுதியிருக்கிறீர்கள், தவணை பில்லில் மூன்றில் ஒரு பங்கு என்று. அப்படியானால் மூன்றே தவணையில் பெல்ட் வேலை முடிந்துவிடுகிறது. அறுபது தவணையில் இருபது முறை மாற்றலாம்! கையிலிருந்து போடும் முன்பணம், புதிய வண்டிக்குக் கூடும் இன்ஷூரன்ஸ், முதல் வருடங்களின் தேய்மானம் எதையும் நான் இதில் சேர்க்கவில்லை. பழைய வண்டிக்கு டயர், பேட்டரி, கிளட்ச் என்று வேறு செலவுகளும் வரும், மறுக்கவில்லை. வருடத்துக்கு பெல்ட் பில் அளவுக்கு இரண்டு செலவு வந்தாலும், ஐந்து வருடத்துக்குப் பத்துதான் ஆகிறது. தவணையில் பாதி.

'விற்பதென்றால் மாற்றாமலே விற்றுவிடலாமே' என்று தோன்றும். வாங்குபவரும் ஓடோமீட்டரைப் பார்ப்பார். 1,62,000 என்றதும் அவர் முதலில் கேட்பது பெல்ட் மாற்றிய பில்தான். இல்லை என்றால் விலையில் அந்த முழுத் தொகையையும், பயத்துக்கு இன்னும் கொஞ்சத்தையும் சேர்த்துக் குறைப்பார். உண்மையில் இந்த பில் நீங்கள் ஏற்கெனவே ஓட்டி முடித்த 1,62,000 கி.மீ.யின் பாக்கி. எந்தப் பக்கம் போனாலும் அது உங்கள் பையிலிருந்துதான் போகிறது. மறைத்து விற்பதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் அப்படி விற்கப்பட்ட ஒரு வண்டியை வாங்கியவன் நான்.

பல வருடங்களுக்கு முன் நடந்தது. 'பெல்ட் மாற்றியாச்சு சார், போன வருடம்தான்' என்றார் விற்றவர். பில் கேட்டேன், வீட்டில் எங்கோ இருக்கிறது என்றார். நம்பினேன். ஏழாவது மாதம், சிக்னலில் பச்சை விழுந்து கிளப்பும்போது 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். ஸ்டார்ட்டரைப் போட்டால் என்ஜின் லேசாக, எதுவும் பிடிக்காமல் சுழன்றது. கவரைக் கழற்றியதும் மெக்கானிக் அந்த பெல்ட்டை என் உள்ளங்கையில் வைத்தார். முழுதாக அறுந்திருக்கவில்லை. நான்கு விரல் அகலத்துக்குப் பற்களே இல்லை. மழித்ததுபோல் வழவழவென்று இருந்தது. பின்பக்கம் முழுக்கக் குறுக்கே வெடிப்புகள். தொழிற்சாலையில் அச்சிட்ட எழுத்துகள் அழியாமல் அப்படியே இருந்தன, வண்டியோடு வந்த பெல்ட் என்று அதிலேயே தெரிந்தது. எட்டு வால்வுகள் வளைந்திருந்தன. அன்றிலிருந்து, பில் இல்லாத பெல்ட்டை மாற்றாத பெல்ட்டாகத்தான் என் கணக்கில் எழுதுகிறேன்.

சில வண்டிகளில் டேஷ்போர்டில் டி-பெல்ட் என்று ஒரு விளக்கு எரியும். டொயோட்டா டீசல்களில் பார்த்திருப்பீர்கள். அது பெல்ட்டைச் சோதிப்பதில்லை, கிலோமீட்டரை எண்ணுகிறது. விளக்கு எரியவில்லை என்பதால் பெல்ட் நன்றாக இருக்கிறது என்று ஆகாது. அதை ரீசெட் செய்ய ஒரு நிமிடம் போதும், பெல்ட்டைத் தொடவே வேண்டாம்.

அடுத்து, 60 சதவீதத்தில் பெல்ட் மட்டும். இதற்கு ஆசைப்படாதீர்கள். இந்த வேலையில் கூலிதான் பெரும்பங்கு. முன்பக்கத்தைப் பிரித்து, பெல்ட்டை எட்டுவதற்குத்தான் நேரம் போகிறது. பல என்ஜின்களில் வாட்டர் பம்ப்பைச் சுற்றுவதும் இதே பெல்ட்தான். உங்கள் மெக்கானிக் பம்ப்பையும் சேர்த்துச் சொல்வதைப் பார்த்தால் உங்களுடையதும் அப்படித்தான் இருக்கும். பழைய பம்ப் இரண்டு வருடம் கழித்துக் கசிந்தால், அதே பிரிப்பு, அதே கூலி. என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் பட்ட புது பெல்ட்டும் சேர்ந்து போகும். பம்ப்பின் பேரிங் இறுகினால் புது பெல்ட்டையே அறுத்துவிடும். இன்று 40 மிச்சம் பிடித்து, பிறகு இன்னொரு முழு பில் கட்டுவீர்கள். டென்ஷனரும், பெல்ட்டை அதன் பாதையில் ஓட வைக்கும் ஐட்லர் புல்லியும் அதே கதைதான். கிராங்க், கேம் ஆயில் சீல்களைப் பார்க்கச் சொல்லுங்கள். ஈரம் தெரிந்தால் தயங்காமல் மாற்றுங்கள், அந்த நேரத்தில் அதற்கு ஆகும் கூடுதல் செலவு மிகக் குறைவு. உதிரிபாகம் வண்டி நிறுவனத்தினுடையதாகவோ, கேட்ஸ், டேகோ, ஐசின் போன்ற பெயர் தெரிந்த தயாரிப்பாகவோ இருக்கட்டும். பெட்டியைக் கண்ணால் பாருங்கள்.

ஒரே ஒரு சூழ்நிலையில் என் பதில் மாறும். வண்டியின் வேறு பெரிய உறுப்பு ஏதாவது போகிற நிலையில் இருந்தால். அதனால் வேலையை ஒப்படைக்கும் முன் என்ஜினின் கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டர்களுக்குள் அழுத்தம் சரியாக நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், அடியில் சேஸிஸ் துருப்பிடித்திருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள், கியர்பாக்ஸ் நழுவுகிறதா, கூலன்ட்டில் எண்ணெய் மிதக்கிறதா என்று கேளுங்கள். இவற்றில் ஏதாவது ஒன்று மோசமாக இருந்தாலே பெல்ட் போடாமல், உள்ளதைச் சொல்லி, உள்ள விலைக்கு விற்றுவிடுங்கள். நன்றாக இருந்தால் யோசிக்க ஒன்றுமில்லை.

பணம் எங்கிருந்து? கிரெடிட் கார்டில் தேய்த்துவிட்டுக் குறைந்தபட்சத் தொகையைக் கட்டிக்கொண்டு போகும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். அந்த வட்டியில் எட்டு மாதம் போனால் இதுவரை போட்ட கணக்கெல்லாம் கெட்டுவிடும். அவசர கால நிதியில் எடுத்தால் நான்கு மாதக் கையிருப்பு மூன்றரை மாதமாகும், அது தாங்கக்கூடியது. எட்டு மாதத்தில் மாதம் எட்டில் ஒரு பங்காகத் திருப்பி வையுங்கள். போனஸ் வரும்போது நிதி பழையபடி நிரம்பியிருக்கும், போனஸ் முழுதாகக் கையில் நிற்கும். நிரம்பியபின்னும் அந்த மாதத் தொகையை நிறுத்தாதீர்கள். வண்டிக்கென்று தனிக் கணக்கில் போடுங்கள். உங்கள் அவசர நிதி இன்று பெல்ட்டுக்குப் போவதற்குக் காரணமே, 13 வருடமாக வரப்போவது தெரிந்த ஒரு செலவுக்கு ஒதுக்கீடு இல்லாததுதான்.

வேலை முடிந்ததும் பழைய பெல்ட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஸ்டார்ட் செய்யும் முன் கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, கிராங்க், கேம் இரண்டின் டைமிங் குறிகளும் பொருந்துகின்றனவா என்று பார்த்தாரா என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக் இதைச் சொல்லாமலே செய்வார். பில்லில் தேதி, ஓடோமீட்டர், உதிரிபாக எண்கள் எழுதி வாங்குங்கள். நாளை விற்கும்போது போட்ட பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவது அந்தக் காகிதம்தான். பயணத்துக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே வேலையை முடித்து, அக்கம்பக்கத்தில் முந்நூறு, நானூறு கி.மீ. ஓட்டி, கூலன்ட் அளவு இறங்குகிறதா என்று காலையில் என்ஜின் ஆறியிருக்கும்போது பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.