தண்ணீரை அளந்தீர்களா?

கேள்வி: எங்கள் பெட்டை நாய்க்கு ஐந்து வயது. குட்டியிலேயே பழக்கியதால் வெளியேதான் போகும். மூன்று வாரமாக அடுப்படிச் சாக்கிலும் காம்பராவிலும் சலம் விடுகிறது. மூக்கை அதில் தேய்த்து அடித்தோம். இரவில் தண்ணீர் வைக்காமலும் பார்த்தோம். திருந்தவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, தலவாக்கலை

பதில்: அடியையும் தண்ணீர் மறிப்பதையும் இன்றோடு நிறுத்துங்கள். ஐந்து வருடப் பழக்கத்தை எந்த நாயும் மூன்று வாரத்தில் மறக்காது. உடம்பில் ஏதோ மாறியிருக்கிறது, அல்லது வாசலுக்கு வெளியே ஏதோ மாறியிருக்கிறது. போய் முடிந்தபின் விழும் அடி எதற்கென்று அதற்குப் புரியாது. உங்கள் கண்முன்னால் போகக்கூடாது என்பது மட்டும் புரியும். பிறகு வெளியே கூட்டிப்போனாலும் அடக்கிக்கொண்டு நின்று, உள்ளே வந்து கட்டிலுக்கடியில் விடும்.

தண்ணீரை மறித்தது அடியைவிட ஆபத்து. சிறுநீரக நோயோ சர்க்கரை வியாதியோ வந்த நாய் அதிகம் கழிப்பதால்தான் அதிகம் குடிக்கிறது. மறித்தால் உடம்பு வறண்டு படுத்துவிடும். மறிக்காமல் அளந்து பாருங்கள். காலையில் லீற்றர் போத்தலால் அளந்து சட்டியில் ஊற்றுங்கள். மறுநாள் அதே நேரம் மிச்சத்தை அளந்து, ஊற்றியதிலிருந்து கழித்தால் குடித்த அளவு தெரியும். அன்று வெளியே பீலித் தண்ணீர்ப் பக்கம் விடாதீர்கள். ஒரு கிலோ எடைக்கு 50, 60 மில்லிலீற்றர் சாதாரணம். 100ஐத் தாண்டினால், அதாவது 15 கிலோ நாய் ஒன்றரை லீற்றருக்கு மேல் குடித்தால், மிருக வைத்தியர் பார்க்கவேண்டிய விஷயம்.

எப்படிப் போகிறது என்பதையும் கவனியுங்கள். அடிக்கடி குந்தி, சொட்டுச் சொட்டாக, இரத்தம் கலந்து போனால் சலப்பையில் கிருமியோ கல்லோ இருக்கலாம். தூங்கி எழும்பிய இடத்தில் கையை வையுங்கள். பின்பக்கம் கிடந்த இடம் மட்டும் சூடாக நனைந்திருந்தால், அது தெரிந்து விடவில்லை, தூக்கத்தில் கசிகிறது. கருத்தடை செய்த பெட்டைகளுக்கு வருடங்கள் கழித்தும் இது வரும். பெரும்பாலும் மாத்திரையில் கட்டுப்படும்.

உங்கள் நாய்க்குக் கருத்தடை செய்ததா என்று நீங்கள் எழுதவில்லை. செய்யாத நாய், இணைசேரும் பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதத்துக்குள் நிறையத் தண்ணீர் குடித்துச் சாப்பாட்டை ஒதுக்கினால், கர்ப்பப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். சீழ் வெளியே வராமலும் இருக்கும். அதற்கு நாள் பார்க்கக்கூடாது, அன்றே தூக்கிக்கொண்டு போகவேண்டும். பிரதேச அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் தொடங்குங்கள். பெரிய பரிசோதனைக்குப் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலை இருக்கிறது. போகும் காலையில், அது குந்தும்போது பின்னாலிருந்து ஒரு தட்டை நீட்டிச் சலத்தைப் பிடித்து, சுத்தமான காய்ந்த போத்தலில் ஊற்றி உடனே கொண்டுபோங்கள். வீட்டிலிருக்கும் பனடோலை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், நாய்க்கு அது விஷமாகும்.

உடம்பில் குறையில்லை என்றால் வெளியே பாருங்கள். விடாத மழை, அட்டை, இருட்டில் சிறுத்தை. தேயிலைக்குள் பதுங்கும் சிறுத்தை லயத்து நாய்களைத் தூக்குவது உங்களுக்குத் தெரியாததல்ல. நாய்க்கு அதன் மணமே போதும். கதவைத் திறந்து "போ" என்றால் இஸ்தோப்போடு நின்றுவிட்டுத் திரும்பிவிடும். கயிற்றில் பிடித்து, டோர்ச்சோடு நீங்களும் போங்கள். எழும்பியவுடன், சாப்பிட்டு இருபது நிமிடத்தில், படுக்குமுன், ஒரே இடத்துக்கு. முடித்த கையோடு அவித்த முட்டைத் துண்டொன்று கொடுங்கள். வீட்டுக்கு வந்து கொடுத்தால் வீட்டுக்கு வந்ததற்குத்தான் கிடைத்தது என்று எண்ணும். இரண்டு வாரம் ஒருநாளும் விடாமல் செய்யுங்கள்.

அந்தச் சாக்கை வீசிவிடுங்கள். வெயில் காணாத நாட்களில் எத்தனை தரம் கழுவினாலும் மணம் போகாது, மணம் இருக்கும்வரை அதுவே அதன் இடம். தரையில் விட்டதைத் துணியால் ஒற்றி எடுத்து, வினாகிரியும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடையுங்கள். காய்ந்தபின் அப்பச்சோடா தூவி மறுநாள் கூட்டுங்கள். பினாயில் உங்கள் மூக்குக்குத்தான் மணத்தை மறைக்கும். வினாகிரியோடு பிளீச் கலக்கவே கூடாது, நச்சுப் புகை வரும். எலிக்காய்ச்சல் நாயின் சலத்தாலும் தொற்றும் என்பதால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சுத்தமான பின் சாப்பாட்டுச் சட்டியை அந்த இடத்திலேயே வையுங்கள். சாப்பிடும் இடத்தில் நாய் பெரும்பாலும் போகாது.