ஆஃப்ரோடு வண்டியில் ஷாக் அப்சார்பரின் கிளிக்கைத் திருகினால் என்ன மாறும்?

வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அது அமுங்கி விரியும் வேகத்துக்குக் கடிவாளம் போடுவதுதான் ஷாக் அப்சார்பர். உள்ளே ஒரு பிஸ்டன், சிறு துளைகள் வழியே எண்ணெயைத் தள்ளிக்கொண்டு நகர்கிறது. ‘கிளிக்’, ‘கிளிக்’கென்று படிப்படியாகத் திரும்பும் திருகை இறுக்கினால் அந்த வழி குறுகும், அசைவு மந்தமாகும். ஆபீஸ் கதவின் டோர் குளோசரும் இதே கதைதான்: திருகை இறுக்கினால் கதவு மெதுவாக மூடும், தளர்த்தினால் படாரென்று அடிக்கும்.

கம்ப்ரஷன் திருகு சக்கரம் மேலேறும்போதும், ரீபவுண்ட் திருகு அது கீழே திரும்பும்போதும் வேலை செய்யும். பள்ளத்தில் ‘டம்’மென்று அடி வாங்கினால் கம்ப்ரஷனைக் கூட்டுங்கள். மேடு தாண்டியும் வண்டி குதித்துக்கொண்டே இருந்தால் ரீபவுண்டைக் கூட்டுங்கள். ஆனால் ரீபவுண்டை அளவுக்கு மேல் இறுக்கினால், வரிவரியாக அலையோடும் மண்சாலையில் சக்கரம் இறங்குவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த சஸ்பென்ஷன் அமுங்கியே கிடந்து கல்லாக இடிக்கும். பலர் இங்கேதான் குழம்பி, கம்ப்ரஷனைப் போய்த் திருகுவார்கள்.

திருகை மெதுவாக முழுக்க மூடி, அங்கிருந்து எத்தனை கிளிக் திறக்கிறீர்கள் என்று குறித்துவையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு திருகு, அதே பாதை, அப்புறம் அடுத்தது.

லோடு ஏற்றியதும் பின்பக்கம் தாழ்ந்தால் ஷாக்கை இறுக்கிப் பயனில்லை, அது ஸ்பிரிங்கின் வேலை.