எறும்பின் விந்தணுவும் மனித விந்தணுவைப் போலத்தான் இருக்குமா?

தலை, வால் என்ற அடிப்படை அமைப்பு ஒன்றுதான். ஆனால் எறும்பு, தேனீ, குளவி வகைகளில் விந்தணு நூலிழை போல நீண்டு மெலிந்திருக்கும். தேனீயுடையது சுமார் 250 மைக்ரோமீட்டர். மனிதனுடையதைப் போல நான்கு மடங்குக்கும் மேல்! தலையில் உட்கரு, அதன் நுனியில் அக்ரோசோம் (முட்டைக்குள் நுழைய உதவும் நொதிகள் உள்ள பை).

உண்மையான வித்தியாசம் வாலில்தான். மனித விந்தணு வாலில் 9 இரட்டை நுண்குழல்களும் நடுவில் 2 குழல்களும் உண்டு. எறும்பு, தேனீ வகைகளில் அதற்கும் வெளியே இன்னொரு வளையமாக 9 தனிக்குழல்கள் இருக்கும். ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாக்களோ ஒன்றிணைந்து இரண்டு நீண்ட கம்பிகளாகி வாலோடு கூடவே ஓடும். நமக்கு அவை தலைக்கும் வாலுக்கும் இடையிலுள்ள நடுப்பகுதியில் சுருளாகச் சுற்றியிருக்கும்.

அப்புறம், ஆண் எறும்பு பொதுவாகக் கருவுறாத முட்டையிலிருந்து வருவதால் அதற்கு ஒரு தொகுதி குரோமோசோம்தான். விந்தணு உருவாகும்போது நமக்கு நடப்பதுபோல் பாதியாக்க இன்னொரு தொகுதி இல்லை. அதனால் ஓர் ஆணின் விந்தணுக்கள் எல்லாம் மரபணுவில் ஏறக்குறைய அச்சு அசல் நகல்கள். கட்டமைப்பை விட எனக்கு வியப்பாக இருப்பது இவற்றின் ஆயுள்: ராணி ஒரு பருவத்தில் பெற்றதைத் தன் விந்துப்பையில் வைத்துப் பல ஆண்டுகள் பயன்படுத்துகிறது.