முதல் கார்கள் ஊழியர்களுக்கா? முன்னுரிமையை வகுக்கும் முறை

கேள்வி: சென்னையை அடுத்த ஒரு கார் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் பணிபுரிகிறேன். எங்களுடைய முதல் மின்சாரக் கார் விரைவில் சந்தைக்கு வரவிருக்கிறது. ஆலையிலிருந்து வெளிவரும் முதல் கார்களை ஊழியர்களுக்கே விற்கலாம் என்று நிர்வாகம் கருதுகிறது. முன்பதிவு செய்துவிட்டுக் காத்திருப்பவர்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்களா? விதிகளை எப்படி அமைக்க வேண்டும்?

பதில்: தாராளமாக விற்கலாம். ஆனால் இதைச் சலுகையாகக் கொடுக்கிறீர்களா, பொறுப்பாகக் கொடுக்கிறீர்களா என்பதை விதிகளை எழுதுவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். எந்தப் புது மாடலிலும் உற்பத்தி தொடங்கிய முதல் சில வாரங்களில் வரும் கார்களில்தான் சிறு குறைகள் அதிகமாக இருக்கும். அவை ஆலைக்கு அருகிலேயே ஓடினால், குறை தெரிந்த அன்றே கொண்டுவந்து பிரித்துப் பார்த்து, மறுநாளே உற்பத்தி வரிசையில் திருத்திவிடலாம். ஊழியருக்கு முதல் கார் என்பதற்குச் சரியான காரணம் இது ஒன்றுதான் என்பது என் உறுதியான கருத்து.

இதற்கு நன்கு தெரிந்த முன்னுதாரணம் டெஸ்லாவின் மாடல் 3. 2016 மார்ச் 31 அன்று அந்தக் கார் அறிமுகமானபோது, 1,000 டாலர் முன்பணம் கட்டி ஒரே வாரத்தில் ஏறத்தாழ 3,25,000 பேர் பதிவு செய்தார்கள். ஆனால் 2017 ஜூலை 28 அன்று கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் நடந்த விழாவில் ஒப்படைக்கப்பட்ட முதல் 30 கார்களும் ஊழியர்களுக்கே சென்றன. ஊழியர்களுக்கு முதலிடம் என்பது முன்பே வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருந்ததால், அதை மோசடி என்று சொல்ல இடமிருக்கவில்லை. பேட்டரித் தொகுதித் தயாரிப்பில் ஏற்பட்ட தடங்கலால், 1,500 கார்கள் எதிர்பார்க்கப்பட்ட அந்தக் காலாண்டில் 260 மட்டுமே தயாராயின. வரிசையின் முன்பகுதியில் ஊழியர்கள் நின்றதால், அந்த நெருக்கடியின் முதல் சுமை வெளி வாடிக்கையாளர்கள் மீது நேரடியாக விழவில்லை.

அதே கதையில் எச்சரிக்கை ஒன்றும் இருக்கிறது. அமெரிக்க மத்திய அரசின் 7,500 டாலர் வரிச்சலுகை, ஒரு நிறுவனம் அந்நாட்டில் 2,00,000 மின்கார்களை விற்றபின் படிப்படியாகக் குறையும் வகையில் அமைந்திருந்தது. டெஸ்லா 2018 ஜூலையில் அந்த எண்ணிக்கையைத் தொட, 2019 தொடக்கத்தில் சலுகை பாதியானது. அப்படி ஒரு வரம்பு இருக்கும்போது, முன்னால் நிற்பவர் எடுக்கும் ஒவ்வொரு காரும் பின்னால் நிற்பவரின் சட்டைப்பையைத் தொடுகிறது. நம் நாட்டிலும் டெல்லி அரசு 2020-இல் அறிவித்த மின்வாகனக் கொள்கை, முதல் 1,000 மின்கார்களுக்கு மட்டுமே ஊக்கத்தொகை என்று வரையறுத்திருந்தது. உங்கள் கார் விற்கப்போகும் மாநிலங்களில் இத்தகைய எண்ணிக்கை வரம்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்; இருந்தால், ஊழியர் ஒதுக்கீட்டை நூறுகளில் அல்ல, பத்துகளில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, பலரும் கோட்டைவிடும் இடத்துக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்தில் இதே போன்ற திட்டத்தை அருகிலிருந்து பார்த்தேன். காரை வாங்கிய ஊழியர் ஒருவரின் வீட்டில், இரண்டு மணி நேரம் சார்ஜ் ஏறியதும் 16 ஆம்பியர் பிளக் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடானது. சாக்கெட்டின் ஒரு துளையைச் சுற்றிப் பழுப்பாகக் கருகியிருந்தது. அவர் தெருமுனை எலக்ட்ரிக்கல் கடையில் புதுச் சாக்கெட் வாங்கி மாட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார். அந்த சார்ஜிங் கேபிளுக்கு ஒப்புதல் அளித்தவர் அவருடைய மேலாளரே என்பதுதான் காரணம். சில மாதங்கள் கழித்து அதே புகார் வாடிக்கையாளர்களிடமிருந்து வரிசையாக வந்தபோதுதான் அந்தக் கருகிய சாக்கெட்டை எடுத்துக் காட்டினார். சம்பளம் கொடுப்பவரின் பொருளைக் குறை சொல்ல எவருக்கும் தயக்கம் இருக்கும். ஆகவே, குறைகளை ஊழியர் தன் மேலதிகாரியிடம் அல்லாமல் நேரடியாகத் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவின் தலைவரிடம் தெரிவிக்க வேண்டும் என்றும், அப்படித் தெரிவித்தது அவருடைய பணி மதிப்பீட்டில் எந்த வகையிலும் சேராது என்றும் எழுத்தில் கொடுங்கள். குறை எதுவுமே எழுதாத ஊழியரைக் கூப்பிட்டுக் காரைத் திறந்து பாருங்கள்.

பதவி வரிசைப்படி காரைக் கொடுத்தால் திட்டத்தின் நோக்கமே கெட்டுவிடும். தனி வீட்டில் சார்ஜ் செய்பவர், அடுக்குமாடியில் சங்கத்திடம் அனுமதி வாங்க வேண்டியவர், ஆலையில் மட்டுமே சார்ஜ் செய்பவர், மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் வேளச்சேரி போன்ற பகுதியில் குடியிருப்பவர் என்று பல வகையினரும் பட்டியலில் இருக்க வேண்டும். ஒவ்வொரு வகைக்குள்ளும் குலுக்கல் முறையில் தேர்வு செய்யலாம். உற்பத்தி வரிசையில் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கதவு ரப்பர் எங்கே சரியாக உட்காரவில்லை என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

விலையைக் குறைக்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. முன்னுரிமையோடு தள்ளுபடியும் சேர்ந்தால் காத்திருப்பவர்களின் கோபம் நியாயமாகிவிடும். தவிரவும், ஜி.எஸ்.டி. சட்டம் முதலாளியையும் ஊழியரையும் தொடர்புடைய நபர்களாகக் கருதுவதால், நிறுவனமே நேரடியாகக் குறைந்த விலைக்கு விற்றாலும் வரியைச் சந்தை மதிப்பின்மீது கணக்கிட நேரலாம். விலை வித்தியாசம் ஊழியரின் வருமானத்தில் சேருமா என்பதையும் உங்கள் தணிக்கையாளரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஊழியரும் மற்றவர்களைப் போலவே முன்பணம் கட்டி, டீலர் வழியாக, அதே உத்தரவாதத்தோடு வாங்குவதுதான் எல்லோருக்கும் நல்லது. கார் அவர் பெயரில் பதிவானபின் அவரும் முழு உரிமையுள்ள நுகர்வோர். அதைச் சோதனை வண்டியாக நடத்தக் கூடாது. பற்றாக்குறைக் காலத்தில் அதிக விலைக்குக் கைமாற்றுவதைத் தடுக்க, ஓராண்டுக்கு மறுவிற்பனை இல்லை என்ற உறுதிமொழியை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

காத்திருப்பவர்களுக்குத் தனிக் கடிதம் அனுப்புங்கள். எத்தனை கார்கள் ஊழியர்களுக்குப் போகின்றன, எதற்காகப் போகின்றன, அதனால் அவர்களுடைய டெலிவரி எத்தனை நாள் தள்ளிப்போகிறது என்ற மூன்றையும் முதல் காரை ஒப்படைக்கும் முன்பே அதில் சொல்லிவிடுங்கள். ஊழியர்களின் கார்களில் கண்ட குறைகளில் எவையெல்லாம் திருத்தப்பட்டன என்ற பட்டியலை, முதல் வெளி வாடிக்கையாளரிடம் சாவியைக் கொடுக்கும்போது அதனுடன் சேர்த்தே கொடுங்கள்.