போட்டி நெருங்கும்போது பயிற்சியைக் குறைக்கச் சொல்வது ஏன்? படிப்புக்கும் அது பொருந்துமா?

போட்டிக்கு முந்தைய இரண்டு வாரம் பயிற்சியின் அளவை வேண்டுமென்றே குறைப்பதை 'டேப்பர்' என்பார்கள். வாரம் 40 கிலோமீட்டர் நீந்துபவர் 20 கிலோமீட்டருக்கு இறங்குவார். வேகம் மட்டும் குறையக் கூடாது. பயிற்சி நாள்களும் ஏறக்குறைய அதேதான்.

கடும் பயிற்சி திறனையும் களைப்பையும் சேர்த்தே ஏற்றும். அளவைக் குறைத்தால் களைப்பு சீக்கிரம் வடியும், திறன் மெல்லத்தான் இறங்கும். அரைத்த மாவை இரவு முழுக்கப் புளிக்க விடுவது போலத்தான்: மேலும் அரைத்தால் இட்லி மிருதுவாகிவிடாது.

சிங்கப்பூரில் ஐவிபி எனும் கல்வி நிலையங்களுக்கு இடையிலான விளையாட்டுப் போட்டிகளுக்குத் தயாராகும் பலதுறைத் தொழிற்கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்கள் பலர் சறுக்குவது இங்கேதான். பயத்தில் போட்டிக்கு இரண்டு நாள் முன் ஒரு கடும் பயிற்சியைக் கூடுதலாகச் செய்கிறார்கள். தசைவலி உச்சத்துக்கு வர ஒன்றிலிருந்து மூன்று நாள் ஆகும்; போட்டியன்று கால் கனக்கிறது.

தேர்வுக்கும் இதையே செய்யலாம். கடைசி வாரத்தில் ஆறு மணி நேரப் படிப்பை மூன்றாக்குங்கள். அந்த மூன்றில் பழைய வினாத்தாளைக் கடிகாரம் வைத்து எழுதுங்கள். மிச்ச நேரம் தூக்கத்துக்கு; அதில் கை வைக்கவே வேண்டாம்.

பலரும் நினைப்பதுபோல் இது முழு ஓய்வு அல்ல: அடியோடு நிறுத்தினால் தாக்குப்பிடிக்கும் திறன் ஓரிரு வாரத்திலேயே சரியத் தொடங்கும்.