கியர் ஹப்புக்குக் கேபிள் எந்த வழியாகப் போக வேண்டும்?

கேள்வி: மலேசியாவில், சுங்கை சிப்புட் வட்டாரத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நெடும்பயணத்துக்காகப் பழைய இரும்புச் சட்டக மிதிவண்டி ஒன்றை வாங்கி, அதில் ஷிமானோ நெக்சஸ் 8 கியர் ஹப் (சக்கரத்தின் நடுக்குடத்துக்குள்ளேயே கியர்கள் அடங்கிய வகை) உள்ள பின்சக்கரத்தைப் பொருத்தினேன். சட்டகத்தில் ஏற்கெனவே இருந்த கேபிள் தாங்கிகளின் வழியாகவே கியர் கேபிளை இழுத்திருக்கிறேன். மிதிக்கும்போது 4க்கும் 5க்கும் இடையில் கியர் நழுவுகிறது. பை ஏற்றி ஹேண்டில்பாரை முழுவதும் திருப்பினால் கியர் தானாக மாறுகிறது. மழைக்குப் பிறகு கியர் மாற்றும் திருகு பிடியைத் திருப்பவே கை வலிக்கிறது. கிரிக்கிலிருந்து ஜெலி வரை கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் போக ஆசை. ஹப்பை மாற்ற வேண்டுமா? ரோலாஃப் நிறுவனத்தின் ஹப் வாங்கினால் இந்தத் தொல்லை தீருமா?

பதில்: ஐயா, ஹேண்டில்பாரைத் திருப்பினால் கியர் மாறுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரி எனக்குப் போதும். ஹப்பின் மேல் பழி போடாதீர்கள். அதற்குப் போகும் கேபிள் நீளம் குறைவாகவும் வழி தவறியும் இருக்கிறது. அதைச் சரிசெய்யும்வரை புது ஹப்புக்கு ஒரு வெள்ளிகூடச் செலவழிக்க வேண்டாம்.

நெக்சஸ் ஹப்புக்குள் எந்தக் கியர் என்பதைத் தீர்மானிக்கும் படிகள் ஹப்பில் இல்லை, உங்கள் கையிலுள்ள திருகு பிடியில் இருக்கின்றன. பிடி இழுக்கும் அளவுக்கு ஹப்பின் வலப்பக்கத்திலுள்ள சிறு உருளை சுழலும். ஒரு கியருக்கும் அடுத்ததற்கும் இடையே, கேபிள் உறைக்குள் ஓடும் கம்பி நகர்வது சில மில்லிமீட்டர்தான். கம்பியை இழுத்தது உங்கள் விரலா, நீளம் போதாமல் விறைத்த உறையா என்று ஹப்புக்குத் தெரியாது. பற்சக்கரம் மாறி மாறி ஏறும் சாதாரண கியரில் இந்தத் தவறு நடந்தால் சங்கிலி கடகடவென்று சத்தம் போடும், அவ்வளவுதான். கியர் ஹப்பில் உள்ளிருக்கும் கொக்கிகள் பாதி மாட்டிய நிலையில் உங்கள் முழு எடையையும் தாங்கும். நழுவும்போது கேட்கும் ‘டக்’ என்ற ஒலி அந்த விளிம்புகள் தேய்கிற ஒலி. ஆகையால் சரிசெய்யும்வரை மேட்டில் எழுந்து நின்று மிதிக்காதீர்கள்.

உங்கள் சட்டகத்தின் தாங்கிகள் வேறு வகைக் கியருக்காக வைக்கப்பட்டவை. அவற்றில் உறை துண்டு துண்டாக நின்று, நடுவே கம்பி திறந்தபடி ஓடும். பெடல் அச்சுப் பெட்டியின் அடிவயிற்றில் ஒரு பிளாஸ்டிக் பள்ளத்தின் வழியாகப் போகும். நம் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டச் சாலைகளை நினைத்துப் பாருங்கள். மழை பெய்து குலை ஏற்றும் லாரி ஒன்று போய்விட்டால், முன்சக்கரம் வாரியடிக்கும் செம்மண் சேறு நேராக அந்தப் பள்ளத்தில்தான் அப்பும். காய்ந்தால் உப்புத்தாள் போல் கம்பியை அராவும். மழைக்குப் பிறகு உங்கள் கை வலிக்கக் காரணம் இதுதான்.

எனவே ஹேண்டில்பாரிலிருந்து ஹப்வரை ஒரே துண்டு உறை போடுங்கள். எங்கும் வெட்டு வேண்டாம், கம்பி எங்கும் வெளியே தெரிய வேண்டாம். 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள, கியருக்கென்றே விற்கப்படும் உறையைக் கேளுங்கள். அதில் எஃகு இழைகள் நீளவாக்கில் ஓடுவதால் அழுத்தத்தில் சுருங்காது. பிரேக் உறை சுருள் வடிவில் இருப்பதால் சிறிது சுருங்கும், இங்கே உதவாது. அதேபோல் மீதமாகும் கியர் உறையைப் பிரேக்குக்குப் போட்டுவிடாதீர்கள், பிரேக்கின் பலமான இழுப்பில் அது பிளந்துவிடும். கம்பி துருப்பிடிக்காத எஃகாக, 1.2 மில்லிமீட்டரில் இருக்கட்டும். உறையைக் கேபிள் வெட்டும் கருவியால் நேராக வெட்டி, நசுங்கிய உள்குழாயை ஊசி கொண்டு திறந்து, இரு முனையிலும் மூடி போட வேண்டும். சாதாரண இடுக்கியால் நசுக்கி வெட்டிய முனையைப் பார்த்தாலே எனக்கு மனம் கொதிக்கும். பாதி வலி அங்கேதான் பிறக்கிறது. பழைய தாங்கிகளைத் துளைத்துப் பெரிதாக்கவும் வேண்டாம். அவற்றின் பக்கவாட்டில் உறையை ஓட்டிப் பிளாஸ்டிக் கட்டுப்பட்டையால் கட்டினால் போதும்.

வழி எது? மேல்குழாய், இருக்கைக்குழாய் என்று இறங்குவது பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஹப்பில் உறை நுழையும் வாய் முன்பக்கம் பார்த்து நிற்கிறது. மேலிருந்து வரும் உறை கடைசியில் குறுக்கே மடங்க வேண்டியிருக்கும். ஆகவே சாய்குழாயின் அடிப்புறமாக இறங்கி, பெடல் அச்சுப் பெட்டியைக் கடந்து, பின்சக்கரத்துக்குப் போகும் வலது கீழ்த்தண்டோடு ஒட்டி ஓடுவதே நல்லது. முழு உறைக்குள் இருப்பதால் இனி அடிவயிற்றுச் சேறு ஒன்றும் செய்யாது. சங்கிலிப் பல்லும் பெடல் கையும் உறையைத் தொடாத தூரம் இருக்கிறதா என்று கையால் சுற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தலைப்பக்கம் தாராளமாக விடுங்கள். ஹேண்டில்பாரை இரு பக்கமும் முட்டும்வரை திருப்ப வேண்டும். அப்போதும் உறை விறைக்காமல், சாப்பாட்டுத் தட்டின் விளிம்பு போல அகலமாக வளைந்து நிற்க வேண்டும். இதைப் பை மாட்டிய நிலையில் சோதியுங்கள். முன்பக்கப் பை உறையை அமுக்கினாலும் கம்பி இழுபடும். பை ஏற்றினால்தான் கியர் மாறுகிறது என்று நீங்கள் எழுதியதால் இதைச் சொல்கிறேன்.

இனி ஹப்புக்கு முன்னாலுள்ள கடைசி ஒரு சாண். இங்கேதான் அனுபவசாலிகளும் தவறுவார்கள். சாய்குழாயில் ஒரு சாணுக்கு ஒரு கட்டு போடலாம், விரலால் தள்ளினால் உறை நகரும் அளவுக்குத்தான் இறுக்க வேண்டும். ஆனால் கடைசிக் கட்டு ஹப்பிலிருந்து ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும். கியர் ஹப்பில் சங்கிலியின் தொய்வை எடுக்கச் சக்கரத்தைப் பின்னே நகர்த்துவோம்; அப்போது உறையும் கூடவே நகர இடம் வேண்டும். பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்ற முதலில் 1ஆம் கியருக்குக் கொண்டுவந்து, உறையை அதன் பிடிப்பிலிருந்து வெளியே இழுத்து, உருளையிலுள்ள துளையில் 2 மில்லிமீட்டர் அறுகோணச் சாவியைச் செருகிச் சற்றே சுழற்றினால் கம்பி தளர்ந்து வந்துவிடும். ஹப்பின் அருகிலேயே இறுக்கிக் கட்டியிருந்தால் இதில் எதுவும் நடக்காது, இருட்டில் கட்டுப்பட்டையை அறுத்துக்கொண்டு நிற்பீர்கள்.

உறை வாய்க்குள் நேராக நுழைகிறதா என்றும் பாருங்கள். அச்சின் இரு பக்கமும் போடும் நிற வளையங்கள்தான் அந்த வாய் பார்க்கும் கோணத்தைத் தீர்மானிக்கின்றன. பின்சக்கர அச்சு அமரும் சட்டகப் பிளவு எந்த வகை என்பதற்கேற்ப அவை மாறும், இடமும் வலமும் வேறு வேறு. சக்கரம் வேறொரு வண்டியிலிருந்து வந்திருந்தால் வளையமும் அந்த வண்டிக்குரியதாகவே இருக்கலாம்.

பொருத்தி முடித்ததும் 4ஆம் கியரில் வையுங்கள். ஹப்பின் வலப்பக்க இணைப்பில் இரண்டு மஞ்சள் கோடுகள் தெரியும், வண்டியைத் தலைகீழாக நிறுத்தினால் இன்னும் தெளிவு. 4லிருந்து 1க்குப் போய் மீண்டும் 4க்கு வந்த பிறகு இரண்டும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் திருகு பிடியருகே உள்ள உருளைத் திருகைச் சிறிது சிறிதாகத் திருப்புங்கள். பழைய ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர் வண்டிகள் இன்னும் என் பட்டறைக்கு வருகின்றன. அவற்றில் 2ஆம் கியரில் வைத்து, அச்சு முனையில் சங்கிலி மாட்டிய குச்சியின் தோள் எங்கே நிற்கிறது என்று பார்ப்போம். கண்ணால் பார்த்துச் சரிசெய்யும் அந்த முறைதான் இதிலும்.

ரோலாஃப் நல்ல ஹப்தான். 1998இல் வந்த 14 கியர் ஸ்பீட்ஹப்பில் படிகள் ஹப்புக்குள்ளேயே இருப்பதால் கம்பி சற்றுத் தளர்ந்தாலும் கியர் நழுவாது. ஆனால் அதற்கு இரண்டு கம்பிகள். கூர்மையாக மடக்கினால் அதன் பிடியும் கனக்கும். உங்கள் தொல்லைக்கு அது மருந்தன்று.

கிரிக் ஜெலி சாலை 1982இல் திறக்கப்பட்டது. தித்திவங்சா மலைத்தொடரைக் கடக்கும் 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பாதை அது, இடையில் மிதிவண்டிக் கடையை எதிர்பார்க்காதீர்கள். யானைகள் கடக்கும் பகுதி என்பதால் பகலிலேயே ஓட்டி முடியுங்கள். கம்பி அறுந்தால் ஒரே கியரில் மாட்டிக்கொள்வீர்கள். மாற்றுக் கம்பி ஒன்று பையில் இருக்கட்டும். உறை முனையிலிருந்து கம்பியைப் பிடிக்கும் மரைவரை உள்ள தூரம் பிசகக் கூடாது. அந்த அளவு ஹப்போடு வரும் கையேட்டில் இருக்கும். வீட்டிலேயே ஒரு தென்னை ஈர்க்கை அந்த நீளத்துக்கு நறுக்கிக் கம்பியோடு சேர்த்துக் கட்டிவையுங்கள். வழியில் அளவுகோல் தேட வேண்டியதில்லை.

புதிய உறை முதல் ஓட்டத்தில் சற்றே அமர்ந்து கொடுக்கும். கிரிக் போகும் வழியில் லெங்கோங்கில் இரவு தங்கும்போது வண்டியைத் தலைகீழாக நிறுத்தி மஞ்சள் கோட்டை மறுபடியும் ஒரு முறை பாருங்கள்.