லினக்ஸ் நிறுவிய பழைய கணினி மிக மெதுவாக இயங்குகிறது: மீள நிறுவுவதா, ரேம் வாங்குவதா?

4 ஜிபி ரேம் உள்ள பழைய கணினியில் உபுண்டு லினக்ஸ் நிறுவியிருப்பதாகவும், உலாவி திறப்பதற்கே ஒரு நிமிடத்துக்கு மேல் ஆவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மீள நிறுவுவது, ரேம் வாங்குவது இரண்டையும் இப்போதைக்கு ஒத்திவையுங்கள். கணினி எதற்காகக் காத்துநிற்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

கட்டளைகளைத் தட்டச்சிடும் சாளரமான முனையத்தில் டாப் என்ற கட்டளையை இடுங்கள். செயலியைக் காட்டும் வரியில் டபிள்யூஏ என்ற எழுத்துகளுக்கு முன்னுள்ள எண், செயலி வட்டுக்காகக் காத்திருந்த நேரத்தின் விழுக்காடாகும். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மேசைக் கணினி இவ்வாறு தவழ்ந்தபோது அந்த எண் 70க்குக் கீழே இறங்கவேயில்லை. செயலிக்கோ வேலையே இருக்கவில்லை. ஆயினும் அதே திரையில் தெரியும் சுமைச் சராசரி, அதாவது வரிசையில் நிற்கும் நிரல்களின் சராசரி எண்ணிக்கை, 6ஐத் தாண்டியிருந்ததால், ஏதோ ஒரு நிரல்தான் செயலியைப் பிடித்துவைத்திருக்கிறது என்று நம்பி, ஒரு மாலை முழுவதும் நிரல்களை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டிருந்தேன். வட்டின் பதிலுக்காகக் காத்துக்கிடக்கும் நிரல்களையும் லினக்ஸ் அந்தச் சராசரியில் சேர்த்தே எண்ணும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

பிறகு டிமெஸ்ஜி கட்டளையின் மூலம், லினக்ஸின் மையப்பகுதியான கேர்னல் எழுதிவைக்கும் பதிவைப் பார்த்தேன். வட்டின் இணைப்பு அறுந்து அறுந்து மீண்டதும், அதன் வேகம் வினாடிக்கு 6 ஜிகாபிட்டிலிருந்து 3க்கும், அதிலிருந்து 1.5க்கும் இறக்கப்பட்டதும் வரிவரியாகப் பதிவாகியிருந்தன. வட்டின் ஆயுள் முடிந்துவிட்டது என்றே எண்ணினேன். ஆனால் ஸ்மார்ட்மான்டூல்ஸ் பொதியை நிறுவி, ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையால் வட்டின் உடல்நிலையைக் கேட்டபோது, பழுதாகி மாற்றப்பட்ட பிரிவுகள் 0, மாற்றத்துக்குக் காத்திருக்கும் பிரிவுகள் 0 என்றிருக்க, சிஆர்சி பிழை எண்ணிக்கை மட்டும் நூற்றுக்கணக்கில் இருந்தது. வட்டுக்கும் தாய்ப்பலகைக்கும் இடையிலான வழியில் சிதைந்த தரவையே அது குறிக்கிறது. பம்பலப்பிட்டியில், வட்டைத் தாய்ப்பலகையுடன் இணைக்கும் புதிய சாட்டா கேபிள் ஒன்றை வாங்கி மாற்றியதும் கணினி பழைய நிலைக்குத் திரும்பியது. அந்த எண்ணிக்கை மீண்டும் 0 ஆகாது என்பதை நினைவில் வையுங்கள். மேலும் கூடாமல் நின்றால் போதும்.

உங்கள் கணினியில் மாற்றப்பட்ட பிரிவுகள், காத்திருக்கும் பிரிவுகள் ஆகிய இரண்டு எண்களில் ஏதேனும் 0 இல்லாமலிருந்தால், தயவுசெய்து வேறெந்தச் சோதனையும் செய்யாமல், படங்களையும் ஆவணங்களையும் அன்றே இன்னொரு வட்டுக்குப் பிரதியெடுங்கள். அதன்பின் சுழலும் பாகங்கள் இல்லாத எஸ்எஸ்டி வட்டு ஒன்றுக்கு மாறுவது நல்லது. சுழலும் வட்டு ஒவ்வோர் இடத்தையும் தேடிச் சென்று படிக்க ஏறத்தாழ 10 மில்லிவினாடி எடுப்பதால், நூற்றுக்கணக்கான சிறு கோப்புகளைப் படிக்கும் உலாவிக்கு அந்த வேறுபாடு உடனே தெரியும்.

வட்டு நலமாக இருந்தால் மட்டும் ரேமைப் பாருங்கள். ஃப்ரீ கட்டளையில் வெற்று நினைவகம் குறைவாகத் தெரிவது பழுதன்று. மீதியிருப்பதை லினக்ஸ் கோப்புகளைத் தற்காலிகமாக வைத்திருக்கப் பயன்படுத்தும். அவெய்லபிள் என்ற நெடுவரிசையில் உள்ள எண் மிகச் சிறிதாகி, விஎம்ஸ்டாட் கட்டளையில் எஸ்ஐ, எஸ்ஓ என்ற இரு நெடுவரிசைகளும் தொடர்ந்து பெரிய எண்களைக் காட்டினால், நினைவகம் போதாமல், ரேம் நிரம்பும்போது வட்டில் பயன்படும் ஸ்வாப் பகுதிக்கும் ரேமுக்கும் இடையே தரவு அலைகிறது என்று பொருள். அப்போது ரேம் வாங்குவது வீண்செலவாகாது.

டாப் காட்டும் அந்த வரியையும் ஸ்மார்ட்சிடிஎல் தரும் மூன்று எண்களையும் கேள்வியில் சேர்த்துவிடுங்கள். கேபிளா, வட்டா என்று பார்த்துச் சொல்கிறேன்.